பி. நோட் என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

வங்கியில் கிளார்க்காக இருந்து பதவி உயர்வு பெற்று, இப்போது கடன் பிரிவில் அதிகாரியாக இருக்கிறேன். வியாபாரிகள் கொண்டுவரும் பேலன்ஸ் ஷீட்டைக் கையில் எடுத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. மேலாளர் விளக்கும்போது “புரிந்தது சார்” என்று தலையாட்டிவிடுகிறேன். தன்னம்பிக்கைப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். காலையில் கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன், பத்து மணிக்குள் கரைந்துவிடுகிறது. தெரியாது என்று எனக்கு நானே ஒப்புக்கொண்டால், இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடாதா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

கண்ணாடி முன் சொல்வதில் தப்பில்லை. கேட்டுக்கொண்டிருப்பவருக்கு உண்மை தெரியும் என்பதுதான் சங்கடம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வக்கீல் காந்தி நினைவுக்கு வந்தார். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி 1891இல் ஊர் திரும்பியவர். பம்பாயில் முதல் வழக்கு. கட்டணம் 30 ரூபாய். (வழக்கு பிடித்துத் தரும் தரகருக்குக் கமிஷன் தர மாட்டேன் என்று பிடிவாதம் வேறு.) எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பட்டேல் என்ற வேறொரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, வழக்கு ஜெயித்ததா தோற்றதா என்றுகூடத் தெரியாமல் வெளியேறினார். அன்று அவருக்கு மிஞ்சியது வெட்கம் மட்டுமே. ஒப்புக்கொண்ட உடனே நம்பிக்கை பொங்கிவரும் என்று நானும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே பம்பாயில், நிலம் பறிபோன ஓர் ஏழைக்கு அவர் எழுதிக் கொடுத்த மனு நண்பர்களுக்குப் பிடித்திருந்தது. மனு எழுதும் தகுதி தனக்கு இருக்கிறது என்று ஓரளவு நம்பிக்கை வந்தது என்கிறார் சுயசரிதையில். உண்மையிலேயே இருந்தது என்றும் சேர்த்துக்கொள்கிறார். ராஜ்கோட் போய் மனு எழுதியே மாதம் 300 ரூபாய் அளவுக்குச் சம்பாதித்தார். பேச வராது, எழுத வரும். இப்படிப் பிரித்துப் பார்ப்பதைத்தான் நேர்மை என்கிறேன். “நான் எதற்கும் லாயக்கில்லை” என்பதும் பொய்தான், அதுவும் சோம்பேறிப் பொய். அதைச் சொல்லிவிட்டால் எதையும் கற்க வேண்டியதில்லை, பாருங்கள்.

1893இல் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே வியாபாரியான தாதா அப்துல்லாவின் வழக்கு, 40,000 பவுண்டு பணம் சம்பந்தப்பட்டது. முழுக்கக் கணக்கு வழக்கு. குமாஸ்தா பற்று என்கிறார், வரவு என்கிறார். கேட்கக் கேட்க பாரிஸ்டருக்குக் குழப்பம் கூடுகிறது. நடுவில் ‘பி. நோட்’ என்று ஒன்று வருகிறது. அகராதியில் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் குமாஸ்தாவிடமே கேட்டார். பிராமிசரி நோட், அதாவது பணத்தைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு, நம் ஊர் புரோநோட்டுதான். பிறகு கணக்குப் பதிவியல் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். அது கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது, வழக்கு புரிந்தது என்று எழுதுகிறார். பின்னாளில் இரு தரப்பையும் இணங்கவைத்து அந்த வழக்கை மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான்.

உங்கள் கடிதத்திலும் ஒரு பொதுவான பயம்தான் இருக்கிறது, குறிப்பாக எது தெரியாது என்பது இல்லை. தேய்மானமா? நடப்பு மூலதனமா? பயத்துக்குப் புத்தகம் கிடைக்காது, தேய்மானத்துக்குக் கிடைக்கும். கிளார்க்காக அத்தனை காலம் வேலை பார்த்தவருக்குப் பற்று வரவு தெரியாமல் இருக்காது. அதையும் கணக்கில் சேருங்கள்.

நாளை ஒரே ஒரு பேலன்ஸ் ஷீட்டை எடுத்து மேலிருந்து படியுங்கள். எந்த வரியில் நின்றுபோகிறீர்களோ அதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேளுங்கள். அது எந்த வரி என்று எனக்கும் எழுதுங்கள்.