வீடு தேடிப் போகும் தாதிக்கு எந்த வகுப்பு உதவும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தாதி. எங்கள் பங்கில் முதியோரையும் படுக்கையில் கிடப்போரையும் வீடுகளுக்குச் சென்று பார்த்து வருகிறேன். சில மாதங்களாக இரவில் தூக்கம் இல்லை. சில வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தவே மனம் பின்வாங்குகிறது. பரிவு வற்றிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. நம்பிக்கைச் சமூகத் தாதியருக்கான (ஆலயச் சமூகத்தினரின் உடல்நலத்தைக் கவனிக்கும் தாதியருக்கான) நலவாழ்வு, பரிவான பராமரிப்பு பற்றிய இணைய வகுப்பொன்றுக்குக் கட்டணம் கட்டிச் சேரலாமா? (ஒரு சகோதரி, மானிப்பாய்)

பதில்: வகுப்பை விடுங்கள் அக்கா, முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தால் அதற்கு வைத்தியரிடம்தான் போக வேண்டும். பிரஷர், தைரொயிட், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்த்துவிடட்டும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். தாதியர் தமக்கென்று கிளினிக் கொப்பி எடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பரிவு வற்றிவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. மூளையையும் உணர்வுகளையும் ஆராயும் தானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. துன்பப்படுவோரின் காணொளிகளைக் காட்டி, அவர்களது வலியை அப்படியே தமக்குள் உணரச் சிலரைப் பழக்கினார்கள். அவர்களுக்கு மனவேதனை கூடியது. பிறகு அதே ஆள்களுக்கு, துன்பப்படுபவர் நலம்பெற வேண்டும் என்ற கனிவை வளர்க்கும் பயிற்சி கொடுத்தபோது வேதனை தணிந்து நல்லுணர்வு மேலெழுந்தது. அடுத்தவருடைய நோவை நாமே நோகுவது வேறு, அவருக்கு நன்மை விரும்பி அருகில் இருப்பது வேறு. உங்களைக் களைப்பிப்பது முதலாவது.

யாழ்ப்பாணத்தில் அந்த முதலாவதிலிருந்து தப்புவது கடினம். ஓர் அம்மா போரால் நேர்ந்த 1995 ஐப்பசி இடப்பெயர்வைச் சொல்லத் தொடங்கினால், அன்று அதே சனத்தோடு நடந்த தாதிக்குத் தன் கால்களே வலிக்கும். பிள்ளைகள் கனடாவில், பெரிய வீட்டில் தனியே ஒரு ஐயா; உங்கள் பிள்ளைகளும் வெளிநாட்டில் என்றால், கேட்பது அவருடைய கதையா உங்களுடையதா? நீங்கள் கேட்கும் வகுப்பு அமெரிக்காவில் எழுதப்பட்டது என்றால் அதில் இதெல்லாம் இருக்காது. நம்பிக்கைச் சமூகத் தாதியர் துறையைக் குறைசொல்லவில்லை. லூதரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் 1980களின் நடுவில் சிக்காகோ பகுதியில் அதைத் தொடங்கியபோதே, அந்தத் தாதி ஊசி போடுபவர் அல்லர், ஆலோசனை சொல்பவர், உரிய இடத்துக்கு வழிகாட்டுபவர், தொண்டர்களைப் பழக்குபவர் என்று வகுத்தார். அந்த எல்லை உங்களுக்கும் காவல். வெளிநாட்டிலிருந்து வந்த மாத்திரைப் பெட்டியை நீட்டி, எதைப் போடலாம் பிள்ளை என்று கேட்கும் வீட்டில் இது விளங்கும். இன்சுலின் அளவை மாற்றுவது உங்கள் வேலை அல்ல. கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் பிடிப்பது உங்கள் வேலை.

ஆகவே வகுப்பைத் தெரிவுசெய்யும்போது ஒன்றை மட்டும் துருவிக் கேளுங்கள்: உங்களுடைய சந்திப்பை யாராவது எடுத்துப் பார்த்துக் கருத்துச் சொல்வார்களா? காணொளி பார்த்து, இறுதியில் சரியான விடைக்குப் புள்ளடி போட்டுச் சான்றிதழ் எடுக்கும் வகுப்பு அறிவைக் கூட்டும், ஆனால் வாசலில் தயங்கும் காலை அசைக்காது. மருத்துவமனைக் குருமாரைப் பயிற்றுவிக்க 1925இல் அன்டன் பொய்சன் அமெரிக்காவில் தொடங்கிய மரபில் ஒரு நல்ல பழக்கம் வளர்ந்தது. ஒரு சந்திப்பில் நோயாளி சொன்னதையும் தான் சொன்னதையும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, சிறு குழுவில் வாசிப்பார்கள். எந்த இடத்தில் பேச்சை மாற்றினோம், எந்தக் கேள்வியிலிருந்து ஓடி ஜெபத்துக்குள் ஒளிந்தோம் என்பது அப்போது தெரியும். ஆம், ஜெபத்துக்குள்ளும் ஒளியலாம். நோயாளி சாவைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போதே ஜெபப் புத்தகத்தைத் திறக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன்.

இதை நீங்கள் கட்டணம் இல்லாமலே தொடங்கலாம். ஓய்வுபெற்ற தாதியர் இரண்டு மூன்று பேர் மாதத்துக்கு ஒருமுறை கூடி, தமிழில் எழுதி, தமிழிலேயே வாசியுங்கள். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் உங்கள் மானிப்பாயிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நம்மவர் இப்போது ஆறுதல் சொல்லக்கூட ஆங்கிலப் பாடம் தேடுகிறார்கள்! பெயரையும் அடையாளம் காட்டும் விவரத்தையும் மாற்றி எழுதுங்கள். எங்கள் ஊரில் ஒழுங்கையைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். ஆலயத்தில் வாசிக்கும் மன்றாட்டிலும் இதே கவனம் தேவை. நோயாளியின் சம்மதம் இல்லாமல் பெயரோடு நோயையும் சேர்த்து வாசிக்கக் கொடுக்க வேண்டாம். குழுவை வழிநடத்தப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்தில் உளவள ஆலோசனைத் துறையில் நெடுங்காலம் இயங்கும் சாந்திகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

வீடுகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். ஒரே நாளில் இரண்டு கடினமான வீடுகள் வேண்டாம். மனம் மிகவும் பின்வாங்கும் வீட்டுக்குக் கொஞ்ச நாள் வேறொருவர் போகட்டும். பங்குத்தந்தையிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த இணைய வகுப்பு வேண்டுமென்றால் சேரலாம். அதன் சான்றிதழ் இலங்கையில் உங்களுக்குப் புதிய அதிகாரம் எதையும் தராது என்பதை அறிந்துகொண்டு சேருங்கள். பணம் கட்டுமுன் ஒரு பாடத்தைப் பார்க்கத் தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் கட்ட வேண்டாம்.