கேட்காமலே கும்பிட முடியுமா?

கேள்வி: சந்நிதியில் நின்றாலே மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம் என்றுதான் வேண்டத் தோன்றுகிறது. ‘இது பக்தி இல்லை, வியாபாரம்’ என்கிறார் உறவினர் ஒருவர். அப்படித்தானா?

உறவினர் சொல்வது பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் இருக்கிறது. நரசிம்மர் ‘வரம் கேள்’ என்றபோது, உன்னிடம் பலனை எதிர்பார்க்கிறவன் சேவகன் அல்ல, வணிகன் என்கிறான் பிரகலாதன். ஆனால் அதை அவன் சொன்னது தன்னைப் பற்றி. பக்கத்து வீட்டுக்காரரை அடிக்க ஒரு கோலாக அல்ல. அதோடு, அவனும் கேட்காமல் விடவில்லை. ‘ஆசையே என் மனத்தில் முளைக்காதிருக்க வேண்டும்’ என்று கேட்டான். பிறகு, தன்னைக் கொல்லப் பார்த்த தகப்பனின் பாவம் தீரவும் கேட்டான்.

கீதையின் 7ஆம் அத்தியாயம் (16–18) பக்தர்களை நான்கு வகையாக்குகிறது: துன்பப்படுகிறவன், அறிய விரும்புகிறவன், பொருள் வேண்டுகிறவன், ஞானி. ஞானிக்குத்தான் முதலிடம், என்றாலும் நால்வருமே உயர்ந்தவர்கள் என்று கண்ணன் சொல்லிவிடுகிறான். நம் அப்பரையே பாருங்கள். சூலைநோய் தாங்காமல் திருவதிகையில் வந்து விழுந்து, ‘கூற்றாயினவாறு விலக்ககலீர்’ என்று வயிற்று வலிக்காகப் பாடியவர் அவர். அதே அப்பர்தான் பின்னாளில் ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல் என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்றார். வலி தீர்ந்த பிறகும் அவர் அங்கேயே நின்றாரே, பார்க்க வேண்டியது அதைத்தான். வேலை கிடைத்த மறுவாரம் கோயில் பக்கம் போவது நின்றுபோனால் உறவினர் சொன்னது சரி. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் விளக்கு ஏறுகிறதென்றால் அவர் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: பலனை வேண்டாமல் பூஜை செய்ய நினைக்கிறேன். தொடக்கத்தில் சொல்லும் சங்கல்பத்திலேயே ஆயுள், ஆரோக்கியம், ஐசுவரியம் எல்லாம் வருகிறதே, என்ன செய்வது?

நல்ல கவனிப்பு. சங்கல்பத்தை இரண்டு பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். ‘மமோபாத்த ஸமஸ்த துரிதக்ஷயத்வாரா ஸ்ரீ பரமேச்வர ப்ரீத்யர்த்தம்’ என்பது அன்றாடக் கடமைகளான நித்திய கர்மாக்களுக்கும் உரியது. பாவம் கழிவதும் இறைவன் உவப்பதும் தவிர அதில் வேறு கோரிக்கை இல்லை. ‘க்ஷேம ஸ்தைர்ய தைர்ய வீர்ய விஜய’ என்று நீளும் பட்டியல், பலன் வேண்டிச் செய்யும் காம்ய பூஜைக்காகச் சேர்வது. வீட்டில் நீங்களே செய்யும்போது அந்தப் பட்டியலை விட்டுவிட்டு, ‘ப்ரீத்யர்த்தம்’ என்றதும் நேரே பூஜையின் பெயருக்குப் போய்விடலாம். வடமொழி வராதவர்கள் ‘உன் உவப்புக்காக இந்தப் பூஜை’ என்று தமிழில் சொன்னால் போதும். வைணவர்கள் வீட்டில், செய்விப்பவனும் அவனே, பலனும் அவனுக்கே என்று தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லும் சாத்விகத் தியாகம் உண்டு. அதைப் பெரியவர்களிடம் பாடமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயிலில் இன்னும் சுலபம். ‘சுவாமி பேருக்கு அர்ச்சனை’ என்று சொல்லிவிட்டால் பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றும் தேவைப்படாது. கூட்டு வழிபாட்டில் அர்ச்சகர் எல்லோருக்குமாகப் பட்டியலைச் சொன்னால் அவரை இடைமறிக்க வேண்டாம், அது மற்றவர்களுக்காகவும்தான். பொருளைப் பொறுத்தவரை இலை, பூ, பழம், தண்ணீர் இவற்றில் ஒன்று போதும் என்று கீதை (9.26) முடித்துவிட்டது. முடிவில் ‘காயேந வாசா’ என்ற சுலோகத்தைச் சொல்லி, செய்ததை அவனிடமே விட்டுவிடுங்கள்.

சிக்கல் வருவது வேறிடத்தில். வாயில் பட்டியல் இல்லாவிட்டாலும் மனம் ஓதிக்கொண்டே இருக்கும். அதோடு மல்லுக்கு நின்றால் பூஜை முழுவதும் மல்யுத்தமாகவே போய்விடும். கவலையை முதலிலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு திரும்பச் சொல்லாதீர்கள். அடுத்து, கேட்பதற்கு இடமே இல்லாத பாட்டு ஒன்றைப் பாடுங்கள். பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு இதற்கென்றே அமைந்தது போலிருக்கும். 12 பாசுரம்தான். கடவுளிடம் வாழ்த்து கேட்காமல் கடவுளையே ‘பல்லாண்டு’ என்று வாழ்த்துகிறார் ஆழ்வார். செல்வம் வேண்டுகிறவர்களையும் ‘வந்து சேர்ந்து வாழ்த்துங்கள்’ என்று அவர் கூப்பிடுவதாக உரைகாரர்கள் காட்டுகிறார்கள். ஆசை இருப்பவரை அவர் வாசலில் நிறுத்தவில்லை.

கேள்வி: எவ்வளவு வேண்டியும் நடக்கவில்லை. சாமி மேல் கோபம் வருகிறது. கோபப்பட்டால் பக்தி போய்விடுமா?

சுந்தரர் கண்ணிழந்து திருவாரூர் வந்தபோது பாடிய பதிகத்தைப் படித்துப் பாருங்கள். அடியார்கள் துன்பத்தைச் சொன்னாலும் சும்மா இருப்பீரோ, ‘வாழ்ந்து போதீரே’, அதாவது நீர் மட்டும் நன்றாக இரும் என்று நேருக்கு நேர் திட்டுகிறார். ஆனால் அந்தப் பாட்டே ‘மீளா அடிமை உமக்கே ஆளாய்’ என்றுதான் தொடங்குகிறது. உறவை உறுதிசெய்துவிட்டுத்தான் சண்டை.

குலசேகர ஆழ்வார் வேறு மாதிரி. வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் நோயாளிக்கு அன்பு குறைவதில்லை, அப்படியே நானும் என்று வித்துவக்கோட்டுப் பெருமானிடம் சொல்கிறார். உங்களுக்கு எது இயல்போ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கோபத்தை அவனிடமே கொட்டலாம். வாய்மூடி உள்ளே வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வழிபாட்டைக் குறைப்பதுதான் ஆபத்து. பலருக்கும் பக்தி விட்டுப்போவது இப்படித்தான், சண்டையால் அல்ல.

கேள்வி: முன்பே வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது. இப்போது எதையும் வேண்டுவதில்லை என்பதால் விட்டுவிடலாமா?

கூடாது. சொன்ன சொல் சொன்னதுதான். முதலில் அதைச் செலுத்துங்கள். புதிதாக ஒன்றும் நேராமல் இருந்தால் சரி.

கேள்வி: மோட்சம் வேண்டுவதும் சுயநலம்தானே?

இதில் மரபுகள் ஒரே குரலில் பேசவில்லை. அத்வைதிகள், விடுதலை பெறும் வேட்கையை ஞானத்துக்கான தகுதிகளில் ஒன்றாகவே வைக்கிறார்கள். அதை ஆசைக்கணக்கில் சேர்ப்பதில்லை. பாகவதமோ (3.29), இறைவனே முக்தியைக் கொடுத்தாலும் தொண்டு இல்லையென்றால் அடியார் வாங்கமாட்டார் என்கிறது. ‘கூடும் அன்பினில் கும்பிட லேயன்றி வீடும் வேண்டா விறலின் விளங்கினார்’ என்று சேக்கிழாரும் இந்தப் பக்கம்தான். தில்லையில் ஆடும் கோலத்தைக் காண முடியுமென்றால் மனிதப் பிறவியும் வேண்டுவதே என்று அப்பர் பிறவியையே விரும்பினார். ஆண்டாளும் நோன்பின் முடிவில் பறை வாங்க வரவில்லை என்று சொல்லி, ‘உனக்கே நாம் ஆட்செய்வோம் மற்றைநம் காமங்கள் மாற்று’ என்றாள். தனிப்பட்ட முறையில் எனக்கு இவர்கள் வழிதான் பிடிக்கும். ஆனால் கடன், வியாதி, சம்பளம் என்று கேட்டுக்கொண்டிருக்கும் நாம், மோட்ச ஆசையை எப்போது விடுவது என்று கவலைப்படுவது கொஞ்சம் அவசரம்.

கேள்வி: கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுக்கிறேன். ‘உபயம்’ என்று பெயர் எழுதலாமா?

எழுத்தே வெளிச்சத்தை மறைக்கும் டியூப்லைட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் போலும்! திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தலுக்குத் தம் பெயரை வைக்கவில்லை. அதுவரை கண்ணாலும் பார்த்திராத திருநாவுக்கரசர் பெயரை வைத்தார். பெயர் எழுதியே தீரவேண்டுமென்றால் அந்தச் சுவாமியின் பெயரையோ ஓர் அடியார் பெயரையோ எழுதலாம். அலுவலக ரசீதுக்குப் பெயர் கேட்பார்கள். அது கணக்குக்காக, கொடுத்துவிடுங்கள். முதல் தீர்த்தம், பரிவட்டம் என்று அடுத்த மாதம் அந்த ரசீதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.