அமிலத்துக்கு பிஹெச் 8 வருமா?

தம்பி, பிளஸ் டூ தேர்வுக்குப் பத்து நாள் இருக்க, 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பிஹெச் (ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் காட்டும் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8 வருகிறதே, அமிலம் எப்படிக் காரமாகும் என்று கேட்டிருந்தீர்கள். அந்த விடை உறுத்தியதே நல்ல விஷயம்.

நீரை விட்டுவிட்டீர்கள். 25 டிகிரி செல்சியஸில் தூய நீரே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி தருகிறது. உங்கள் அமிலம் தருவது அதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டையும் கூட்டினால் 1.1 × 10⁻⁷, பிஹெச் 6.96. (அமிலம் சேர்ந்ததும் நீர் அயனியாவது சற்றுக் குறையும், அதையும் கணக்கில் எடுத்தால் 6.98.) எப்படியும் 7-க்குக் கீழேதான். செறிவு 10⁻⁶ அல்லது அதற்கு மேல் என்றால் நீரைச் சேர்க்கத் தேவையில்லை.

அடுத்து தாங்கல் கரைசல் (சிறிது அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஹெச் அதிகம் மாறாத கரைசல்) கணக்குகளைப் போடுங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல், பார்க்காமல் ஒருமுறை வருவித்து எழுதுங்கள். எங்கே நிற்கிறீர்களோ அந்த வரியை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.