அளவு பிளவுசும் கணக்கு நோட்டும்

பாளையங்கோட்டையில் பத்தொன்பது வருடமாக வீட்டில் வைத்தே தைக்கிறேன். மூத்தவள் கல்லூரி, இளையவன் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் மகளிர் குழுவிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பெண்கள் என்னிடம் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். தையலைத் தனியாகவும் வீட்டைத் தனியாகவும் பிரித்து எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து: அக்கா, லைனிங் பிளவுசுக்கு 400 ரூபாய் சொன்னால், "வீட்ல இருந்துதானே தைக்கிற, கடை வாடகையா கொடுக்க?" என்கிறார்கள். என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் 350-இல் வந்து நிற்கும். முதலில் உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டும். நானும் 400தான் வாங்குகிறேன். லைனிங், நூல், ஊக்கு, கரண்ட் எல்லாமாக 100 போய்விடும். வெட்டி, தைத்து, ஊக்கு கட்டி, அயர்ன் போட இரண்டரை மணி நேரம். மிச்சம் 300 என்றால் மணிக்கு 120. இந்த 120 தெரியாமலே ஏழு வருடம் தைத்திருக்கிறேன்! தெரிந்த பிறகு குரல் தானாக மாறிவிட்டது. "400 ஆகும்" என்று சொல்லிவிட்டு அளவு பிளவுசுக்குக் கை நீட்டுவேன், அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் விஷயம் வேறு. "மதினி, ஒரே ஒரு ஃபால்ஸ்" என்று வருவார்கள். ஒரு வருடம் நோட்டில் அவர்களுக்கென்று தனிப் பக்கம் போட்டேன். 31 ஃபால்ஸ், 9 பிளவுஸ். ஃபால்ஸுக்கு 80, பிளவுசுக்குக் கூலி மட்டும் 300 என்று போட்டால் 5,180 ரூபாய். நோட்டை யாரிடமும் காட்டவில்லை. அடுத்த வருடம் அந்தப் பக்கத்தில் மாமியார், பெரியம்மை, நாத்தனார் என்று மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றவர்களிடம், "நூலும் ஃபால்ஸும் வாங்கிட்டு வாங்க, பாதிக் கூலி போதும்" என்றேன். பாதிப் பேர் வரவே இல்லை. ஒரு சித்தி இன்னும் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவள் பிளவுசுக்குக் கை வைப்பதுதான் கஷ்டம், எப்போதும் இறுக்கமாகக் கேட்பாள். ஆக எனக்கு நஷ்டமில்லை.

வள்ளியூரிலிருந்து: மூன்று வயது மகன். நான் மெஷினில் உட்கார்ந்தால் அவன் பெடலில் வந்து உட்காருகிறான்.

என் மகனும் அந்த வயதில் அப்படித்தான். மோட்டார் மெஷின் என்றால், அடுப்பில் பாலை இறக்க எழுந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். கத்திரிக்கோலுக்குச் சுவரில் உயரத்தில் ஓர் ஆணி. குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் உண்டு. அதை ஒரு துணியில் கட்டி, வேலை முடிந்ததும் தரையெல்லாம் இழுப்பேன். எண்ணிக்கை சரியாக இருந்த நாளில்கூட இரண்டு ஊசி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

விளையாடக் காலி நூல் ரீல் கொடுங்கள். பட்டன் வேண்டாம், வாயில் போடுவான். வெட்டும் வேலையை அவன் தூங்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தையலை எங்கே விட்டாலும் பிரித்துத் தொடரலாம், வெட்டியதை என்ன செய்ய?

சமையலும் கேட்டிருக்கிறீர்கள். வேலை நெருக்கும் நாளில் எங்கள் வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறுதான். ஒரே குக்கர், கூட எள்ளுத் துவையல்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: மோட்டார் போடலாமா? கால் வலி தாங்கவில்லை.

போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆனால் மிதிகட்டையையும் தோல் வாரையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் தெரு மேடு, தண்ணீர் வரவில்லை, கரண்டுதான் போய்விட்டது. கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம். கட்டிலில் வெட்டி வைத்த பிளவுசுகள் இருபத்திரண்டு. மோட்டார் பெல்ட்டைக் கழற்றி, பரணில் கிடந்த தோல் வாரை எடுத்து மாட்டினேன். காய்ந்து சுருங்கிப்போயிருந்தது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி இழுத்துக் கட்டினேன். ஜன்னலோரம் மெஷினைத் திருப்பிப் போட்டு, வெளிச்சம் இருக்கும்வரை மிதித்தேன். மகள் மெழுகுவர்த்தியில் ஊக்கு கட்டினாள். ஒரு பிளவுசில் மெழுகு சொட்டியதைச் சுரண்டி எடுத்ததை இன்றுவரை அந்த வீட்டாருக்குச் சொல்லவில்லை. வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர்கள் சிலர் பிளவுஸ் வாங்கவே வரவில்லை. பொங்கலுக்கு வந்தார்கள். கூலியை நானும் கேட்கவில்லை, பாதிப் பேர் அவர்களாகவே கொடுத்தார்கள்.

ஆலங்குளத்திலிருந்து: ஒரு கல்யாணப் பிளவுசைக் கெடுத்துவிட்டேன். துணிக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

உங்கள் தவறென்றால் கொடுங்கள். முதலில், பிரித்துச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். ஒரு சித்திரைக் கோயில் கொடைக்கு அவசரமாகக் கேட்டார்கள் என்று காட்டன் லைனிங்கை நனைத்துக் காயப்போடாமல் வெட்டிவிட்டேன். முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல் துணி முதுகில் கொசுவம் வைத்தது போல நின்றது. சேலையோடு வந்த துணி, கடையில் தேடினாலும் கிடைக்காது. முழுதும் பிரித்து, புது லைனிங் வைத்து, கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து லைனிங் வாங்கி வந்த அன்றே வாளிக்குள் போய்விடும்.

சேரன்மகாதேவியிலிருந்து: அரசு உதவி ஏதாவது உண்டா?

உண்டு. தொழிலாளர் துறையில் தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுவரை பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, 60-க்குப் பிறகு ஓய்வூதியம். மெஷின் வாங்க வழியில்லாத ஏழைப் பெண்கள், கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவச மெஷின் திட்டம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் சமூகநலப் பிரிவில் கேளுங்கள். கடன் என்றால் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை ஜாமீன் இல்லாமல் தருகிறார்கள். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்குத் தாராளமாகப் போதும். நல வாரியத்தில் பன்னிரண்டு வருடம் பதியாமல் விட்டவள் நான்.

முக்கூடலிலிருந்து ஒரு தம்பி: வீட்டுக்காரி பீடி சுற்றுகிறாள். விட்டுவிட்டுத் தையலுக்கு வரலாமா?

பி.எஃப். பிடிக்கிறார்களா? அப்படியானால் பீடிச் சுளகை உடனே தூக்கிப் போட வேண்டாம். ஒரு வருடம் தையல் பழகட்டும், பீடியைக் குறைக்கட்டும். புதிதாகத் தைப்பவளுக்கு ஆடியிலும் புரட்டாசியிலும் வரவே இருக்காது. ஜூனில் யூனிபார்ம், அப்புறம் தீபாவளி, கிறிஸ்துமஸ், நோன்புப் பெருநாள் என்று வாடிக்கை பிடிக்க இரண்டு வருடம் ஆகும். வீட்டுக்காரி தைக்கும்போது சோறு யார் பொங்குவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள், தம்பி.

வீரவநல்லூரிலிருந்து ஓர் அம்மா: மருமகள் ராத்திரி பதினொரு மணிவரை மெஷின் ஓட்டுகிறாள். சத்தத்தில் தூக்கமே இல்லை.

அம்மா, மெஷினுக்கு அடியில் பழைய சாக்கை நாலாக மடித்துப் போடச் சொல்லுங்கள். பாதிச் சத்தம் போகும். பேத்தியைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் நீங்கள் வைத்துக்கொண்டால் மீதிச் சத்தமும் போகும்.

நாங்குநேரியிலிருந்து: பிள்ளைகளுக்கு நேரம் கொடுக்கவில்லை என்று வருத்தப்பட்டதுண்டா?

மகள் ஆறாவது படித்தபோது தீபாவளிக்குப் பச்சை பட்டுப் பாவாடைத் துணி எடுத்தோம். ஊரார் துணியெல்லாம் தைத்து முடித்தபோது விடிகாலை நாலு மணி. அவள் முந்தின வருடத்துப் பாவாடையில் மடிப்பைத் தானே பிரித்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து புரட்டாசியிலேயே என் பிள்ளைகள் துணிதான் முதல் வெட்டு.

அந்தப் பச்சைத் துணி வெட்டாமல் பீரோவில் இருந்தது. போன மாதம் எடுத்து வந்து குர்த்தி தைத்துத் தா என்கிறாள். துணி பத்தாது என்றேன். கை இல்லாமல் தைத்தால் பத்தும் என்று டேப்பை வைத்து அளந்து காட்டுகிறாள்.