பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து இரண்டு ஆண்டு மருத்துவமனை அனுபவம் இருக்கிறது. ஊரில் சொந்தமாகப் பிசியோதெரபி தொழில் தொடங்கக் கல்லூரியில் படித்தது போதுமா?

வைத்தியம் பார்க்கப் போதும். அதற்குரிய காசைக் கேட்டு வாங்கப் போதாது.

சம்பளம் கட்டுப்படியாகாமல் ஊருக்குத் திரும்ப நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் வந்து சேர்ந்தேன். நாலரை ஆண்டுப் படிப்பில் சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்றொரு பாடம் இருந்தது. எல்லோருக்கும் அடிப்படை மருத்துவம் கிடைக்க வேண்டும் என்ற 1978 அல்மா ஆட்டா பிரகடனத்தை மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பாடத்துக்காக ஒரு கிராமத்துக்கும் அழைத்துப் போனார்கள். பேனர் கட்டினோம், படம் எடுத்தோம், தக்காளி சாதம் சாப்பிட்டோம், மூன்று மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிட்டோம். ஆசிரியர்களைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உடற்கூறியல் நடத்தியவரை எங்கே பார்த்தாலும் இன்றும் காலில் விழுவேன்.

நான் தனியாகப் பார்த்த முதல் நோயாளி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்து வீட்டில் இருந்த பெரியவர். பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் உள்ளே நுழையும்போது அவர் மகன் வாதம் வந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்து அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார். தோள்மூட்டு ஏற்கெனவே ஒரு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. வேட்டியை நாலாக மடித்து இடுப்பில் கட்டி, அதைப் பிடித்துத் தூக்கச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு பாடப்புத்தகத்தில் இருந்தபடி விரல் பயிற்சியைத் தொடங்கினேன்.

"விரல் கிடக்கட்டும் அம்மிணி. வெளிக்குப் போவதற்கு மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதை முதலில் பார்" என்றார் பெரியவர்.

கழிப்பறை வீட்டுக்கு வெளியே, மாட்டுத் தொழுவத்தைத் தாண்டி இருந்தது. கட்டிலிலிருந்து எண்ணிப் பார்த்தேன்: ஒரு நிலைப்படி, இறங்க மூன்று படி, அப்புறம் இருபத்தாறு எட்டு. கல்லூரியில் நடைப்பயிற்சிக்கு இரண்டு பக்கமும் பளபளவென்று எஃகுக் கம்பி இருக்கும். இங்கே மகன் இரண்டு மூங்கிலை முளை அடித்துக் கட்டிக்கொடுத்தார். உட்கார்ந்து எழும் பயிற்சிக்குத் திண்ணை சரியான உயரத்தில் அமைந்திருந்தது. வாரம் நாலு நாள் வீதம் ஆறு வாரம் போனேன். நான் போகாத நாள்களில் மருமகள் செய்ய வைத்தார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவர் கண்டிப்பு அதிகம். ஏழாவது வாரம் பெரியவர் கைத்தடி ஊன்றித் தானாகவே போய் வந்தார்.

மகன் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்து, "எவ்வளவு ஆயிற்று?" என்று கேட்டார். தடவைக்கு 300 ரூபாய் என்று மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். 24 தடவைக்கு 7,200. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "உங்களுக்குத் தோன்றுவதைக் கொடுங்கள் அண்ணா." அவருக்கு 2,500 ரூபாயும் ஒரு பூவன் தாரும் தோன்றியது. அவர் ஏமாற்றவில்லை. முதல் நாளே சொல்லாத தொகை அவருக்கு எப்படித் தெரியும்? வாழைத்தாரை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் பெட்ரோல் கணக்குப் போட்டு அழுதேன்.

இப்போது முதல் தடவை போகும்போதே சொல்லிவிடுகிறேன்: தடவைக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு, பத்துத் தடவைக்கு ஒருமுறை பணம். ஒரு நோட்டில் எழுதி அவர்கள் வீட்டிலேயே வைக்கிறேன். சேவைத் தொழிலில் இப்படிக் கறார் பேசலாமா என்று கேட்பவர்கள் என் பெட்ரோலுக்குப் பணம் போட்டுவிட்டுக் கேட்கட்டும்.

2021 ஆகஸ்டில் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, வீடு தேடிப் பிசியோதெரபி வரும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நல்ல திட்டம், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் பார்த்ததும் "இலவசம்தானே?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தால் உங்கள் வரும்படி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். ஆறே வாரத்தில் என் வேலை முடிந்தது உண்மைதான். ஆனால் அதே மருமகள் சொல்லித்தான் அடுத்த மூன்று நோயாளிகள் வந்தார்கள். எல்லா ஊரிலும் இப்படி நடக்கும் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2025 செப்டம்பரில், பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் டாக்டர் போடக்கூடாது என்று தில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வந்த வேகத்தில் திரும்பப் பெறவும் பட்டது. என் பலகையில் பெயரும் படிப்பும் மட்டும்தான் இருக்கின்றன. ஆனாலும் தூரத்து மாமா ஒருவர் அந்தச் செய்தியை எனக்கு மூன்று முறை அனுப்பினார். அவருடைய முழங்காலுக்கு ஆறு மாதமாக இலவசமாக வைத்தியம் பார்ப்பவள் நான்தான்.

பதிவு, சான்றிதழ் எல்லாவற்றையும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கி இயந்திரங்களாக அடுக்காதீர்கள். வலியுள்ள இடத்தில் வைக்க நான் வாங்கிய அல்ட்ராசவுண்டு இயந்திரம் பெரும்பாலும் துணி போர்த்தித்தான் இருக்கிறது. ஸ்கூட்டருக்குத்தான் இதுவரை இரண்டு முறை டயர் மாற்றியிருக்கிறேன்.