ஆய்வகத்தில் இருக்கும் பேராசிரியர்

கேள்வி: என் மகள் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறாள். அவளுடைய பேராசிரியர் ஒருவர் எந்நேரமும் ஆய்வகத்திலேயே இருக்கிறாராம். நாங்கள் பணம் கட்டுவது பாடம் நடத்தத்தானே? கல்லூரியில் ஆராய்ச்சி எதற்கு?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வகுப்புக்கே வராத ஆசிரியரைக் கண்டிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால், ஆராய்ச்சியைக் கற்பித்தலுக்குப் பகையாக நிறுத்துகிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன்.

பொறியியலை உடலுக்கும் மருத்துவத்துக்கும் பயன்படுத்தும் இந்தத் துறையின் பாடமே ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். ஒய்.சி.ஃபங் என்ற பேராசிரியர் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் ஆய்வில் இருந்தவர். சீனாவில் இருந்த தம் தாயாருக்குக் கிளாக்கோமா என்ற கண்நோய் வந்தபோது, அந்நோய் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படித்து அங்குள்ள மருத்துவருக்கு மொழிபெயர்த்து அனுப்பினார். உடலியலின் பக்கம் அவரைத் திருப்பியது அந்த வாசிப்பு. 1966-இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, சக ஆய்வாளர்களுடன் உயிரியல் பொறியியல் படிப்பைத் தொடங்கினார். தமனியிலிருந்து ஒரு வளையத்தை வெட்டியெடுத்து அதன் சுவரை ஓரிடத்தில் அறுத்தால், வளையம் தானாகவே விரிந்துகொள்ளும். இரத்தத்தின் அழுத்தம் இல்லாதபோதும் அந்தச் சுவருக்குள் தகைவு, அதாவது இழுத்தும் அழுத்தியும் நிற்கும் உள்விசை, தேங்கியிருக்கிறது என்பதையும், இரத்தம் பாயும்போது சுமை சுவர் முழுவதும் ஏறத்தாழச் சீராகப் பரவ அதுவே உதவுகிறது என்பதையும் 1980களில் அவர் விளக்கினார். அழுத்தம் இல்லாதபோது சுவரில் தகைவே இல்லை என்று கொள்ளும் இரும்புக் குழாய்ச் சூத்திரத்தை இரத்தக் குழாய்க்கும் அப்படியே பொருத்தும் மாணவர் எந்த இடத்தில் தவறுகிறார் என்று, அந்த வளையம் விரிவதைக் கண்ணால் பார்த்த ஆசிரியர் சொல்லித்தருவதுபோல் மற்றவரால் சொல்லித்தர இயலாது.

வெளிநாடு வரை போக வேண்டாம் என்பீர்களானால், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் மையத்தில் உருவாகி, 2019-இல் வெளிவந்த 'அரைஸ்' இருக்கிறது: அமர்ந்திருப்பவர் எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலி.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஸ்டான்லி மருத்துவமனையில், கை அறுவை சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் புகழ்பெற்ற பிரிவு இருக்கிறது. பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த வடசென்னையில், இயந்திரத்தில் கை சிக்கியவருக்கு மீண்டும் ஒரு ஸ்பேனரைப் பிடிக்க எத்தகைய கருவி உதவும் என்பதைக் கரும்பலகை மட்டும் கற்றுத்தராது. நோயாளியிடம் பேசி, சிகிச்சை நிபுணரிடம் கேட்டு, செய்த கருவி பயன்படாதபோது அதைப் பிரித்து மீண்டும் செய்து பார்த்துத்தான் கற்க வேண்டும். அதற்கு வழிகாட்ட ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர் தேவை. அந்த ஆய்வகத்துக்குள் இளநிலை மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறாரா, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறாரா என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். இல்லை என்று அவள் சொன்னால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதற்காகச் சண்டை போடுங்கள். ஆய்வகத்தைப் பூட்டச் சொல்லாதீர்கள்.