போருக்குத் துணை போனவங்களப் பத்தி மகளிர் தினத்துல பேசலாமா?

கேள்வி: அக்கா, காலேஜ்ல மகளிர் தினத்துக்குப் பேசச் சொல்லிருக்காங்க. ஜப்பான்ல பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடி, பின்னாடி எம்.பி.யும் ஆன இச்சிகாவா ஃபுசாயே பத்தித் தயார் பண்ணேன். பாதில, போர்க்காலத்துல அரசாங்கத்தோட சேர்ந்து வேலை பாத்தாங்கன்னு படிச்சதும் மனசு விட்டுப்போச்சு. வேற ஆள எடுக்கவா, இல்ல அந்தப் பகுதிய மட்டும் விட்டுடவா? (பேர் வேண்டாம்னு கேட்ட வாசகி)

பதில்: தங்கச்சி, ரெண்டும் வேணாம்மா. அவங்களையே எடுத்துக்கோ, அந்தப் பகுதியையும் சேத்தே பேசு.

1893ல ஐச்சி மாகாணத்துல ஒரு விவசாயக் குடும்பத்துல பொறந்து, அப்பா அம்மாவ அடிக்கிறதப் பாத்தே வளந்தவங்க. டீச்சரா இருந்தாங்க, நகோயால பத்திரிகை நிருபரா இருந்தாங்க. அப்ப ஜப்பான்ல பொம்பளைங்க ஒரு அரசியல் கூட்டத்துல போய் உக்காந்தாலே சட்டப்படி குத்தம், அத மாத்த 1922 வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு. 1925ல 25 வயசு ஆன ஆம்பளைங்க எல்லாருக்கும் ஓட்டு வந்துச்சு, பொம்பளைங்களுக்கு இல்ல. உள்ளாட்சில மட்டுமாவது குடுங்கன்னு கேட்ட மசோதா கீழ்ச்சபையத் தாண்டியும் 1931ல மேல்சபைல செத்துப்போச்சு.

1937ல சீனாவோட போர் ஆரம்பிச்சப்போ அவங்க முன்னாடி இருந்தது மூணே வழி. எதுத்து ஜெயிலுக்குப் போறது, எல்லாத்தையும் விட்டு ஒதுங்கிடறது, இல்ல ஓரளவு ஒத்துப்போய் பெண்களுக்கு ஏதாவது கிடைக்குமான்னு பாக்குறது. அவங்க மூணாவதுல போனாங்க. நல்ல எண்ணத்துலதான் போனாங்கன்னு நம்புறேன், ஆனாலும் அது தப்புதான், ஏன்னா அந்தப் போருல சீனாவுலயும் மத்த நாடுகள்லயும் செத்துப்போன பொம்பளைங்களுக்கு இவங்களோட எண்ணத்தால என்ன பிரயோஜனம்? 1940ல சொந்த ஓட்டுரிமைச் சங்கத்தையே கலைச்சாங்க, அப்புறம் அரசாங்கப் பிரச்சாரத்துக்காக எழுத்தாளர்களத் திரட்டுன அமைப்போட நிர்வாகத்துலயும் இருந்தாங்க.

போர் முடிஞ்ச அதே மாசம் திரும்பவும் பெண்களத் திரட்ட ஆரம்பிச்சாங்க. 1945 டிசம்பர்ல சட்டம் மாறி, 1946 ஏப்ரல் 10ஆம் தேதி ஜப்பான் பொம்பளைங்க முதல் தடவ ஓட்டுப் போட்டு, 39 பெண்கள் ஜெயிச்சு நாடாளுமன்றத்துக்குள்ள போனாங்க. ஆனா வாழ்க்கை பூரா இதுக்காகவே அலைஞ்ச இச்சிகாவா அன்னைக்கு ஓட்டே போட முடியல, வாக்காளர் பட்டியல்ல அவங்க பேர் விட்டுப்போயிருந்துச்சு! அடுத்த வருஷமே, போர்க்கால வேலையக் காரணமா வச்சு, அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவங்களப் பொதுவாழ்க்கைல இருந்தே தள்ளி வச்சுது, 1950 வரைக்கும்.

நீ விட்டுடலாம்னு நினைக்கிற இந்த இடத்துக்கு அப்புறம்தான் நீ பேச நினைச்ச இச்சிகாவாவே வராங்க. 1953ல மேல்சபைக்கு எந்தக் கட்சியும் சாராம தோக்கியோல நின்னு ஜெயிச்சாங்க. ஆதரவாளர்களே கைக்காசு போட்டு வேலை செய்யணும், செலவு சட்டம் சொல்ற வரம்புக்கு ரொம்பக் கீழ இருக்கணும், கணக்கு வெளிப்படையா இருக்கணும்னு ஒரு முறையக் கொண்டுவந்து, கடைசி வரைக்கும் அப்படியேதான் நின்னாங்க. 1956ல விபச்சாரத் தடுப்புச் சட்டம் வர்றதுக்கு மத்த பெண் எம்.பி.க்களோட கட்சி பாக்காம நின்னாங்க, 1979ல ஊழல்ல மாட்டுன எம்.பி.க்கள ஜெயிக்க விடாதீங்கன்னு பிரச்சாரம் பண்ணாங்க. 1971ல தோத்தாங்க, ஆனா 1974ல சின்னப் பசங்க வந்து கட்டாயப்படுத்தி நிக்க வச்சாங்க, அப்ப அவங்களுக்கு 81 வயசு, பிரச்சாரத்த நடத்துன நவோத்தோ கான் பின்னாடி ஜப்பான் பிரதமரே ஆனாரு. 1980ல 87 வயசுல, நாடு முழுக்க ஒரே தொகுதியா ஓட்டுப் போடுற முறைல 27 லட்சத்துக்கு மேல ஓட்டு வாங்கி முதலிடம். மறு வருஷம் பிப்ரவரில இறந்துட்டாங்க.

அவங்களக் குத்தவாளிக் கூண்டுலயும் நிறுத்தாத, தெய்வமாவும் ஆக்காத. அந்த மூணு வழியச் சொல்லிட்டு, நீங்களா இருந்தா எதுல போயிருப்பீங்கன்னு கேட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லு, முன்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைங்க யோசிக்கும். எவ்ளோ நேரம் குடுத்திருக்காங்கன்னு நீ எழுதல, அஞ்சு நிமிஷம்தான்னா 1971 தோல்விய வேணா விட்டுடு, 1937லருந்து 1950 வரைக்கும் உள்ளத மட்டும் வெட்டாத.